கைப்பையில் இருக்க வேண்டியது

கப்பலில் சுற்றுலா போய்வர எவ்வளவு ஆகும் என்று இப்போதும் யாராவது கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அக்காவைத் தேடி வந்தவர்கள்தான். அவள் இப்போது இல்லை, அதனால் என்னைக் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஜன்னல் இல்லாத அறையை எடுங்கள். அறைக்குள் தூங்கத்தான் போகிறீர்கள், கடல் மேல்தளத்தில் எல்லாருக்கும் ஒன்றுதான். இன்ன அறைதான் வேண்டும் என்று கேட்காமல் அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டால் விலை இன்னும் இறங்கும். கரை இறங்கினால் கப்பல்காரர்களின் சொகுசுப் பேருந்தை விட்டுவிட்டு ஊர்ப் பேருந்தில் சுற்றுங்கள், ஆனால் சீக்கிரம் திரும்புங்கள், கப்பல் யாருக்காகவும் நிற்காது. கடைசியாக, மாத்திரை மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள் என்கிறேன். கேட்பவர்கள் அதற்கு ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, "சரி, சாப்பாடெல்லாம் எப்படி?" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

அக்கா சலவைக் கடை வைத்திருந்தாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டிய ஒற்றை அறை. உள்ளே இரண்டு சலவை இயந்திரம், ஒரு நீள மேசை, மேசைமேல் நீராவி விடும் இஸ்திரிப் பெட்டி. அவள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பேருந்தில் நசுங்கிப் போனாலும் கை மடிப்பு கலையாது. அதனால் எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எதையும் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பேசுவேன் என்பதால் அவளுக்கு நான் 'கமா'. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் மடிப்பும் கமாவும் மட்டும்தான் மிச்சம்.

அவளைக் கஞ்சம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "கஞ்சன் செலவே பண்ணமாட்டான்டா. நான் பண்ணுவேன். அவன் சொல்ற விலைக்குப் பண்ணமாட்டேன், அவ்வளவுதான்."

அவளைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டோம். 'அது' என்போம். அது வந்துச்சா, அதுக்கு மாத்திரை போட்டியா, இப்படித்தான். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு ஒரு பயம். அம்மா போனதும் அந்தப் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, அக்காவிடம் தங்கிவிட்டது. காலையில் ஒரு மாத்திரை, பொழுது சாயும்போது ஒன்று. அதை விடாமல் போட்டுவந்ததால் பல வருடமாக 'அது' எட்டிப் பார்க்கவில்லை. மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது இரண்டே விஷயம்: மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது. வருவதற்குச் சற்று முன்னால் அவளுக்கு ஓர் அறிகுறி தெரியும். துணி தீய்கிற வாசனை. அவளுக்கு மட்டும் வரும். இஸ்திரி போடுகிறவளுக்கு வாய்த்த வாசனையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கடையில் அப்படி வந்தால் முதலில் மேசையைப் பார்ப்பாள். மேசையில் துணி நன்றாக இருந்தால், பேசாமல் போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

கப்பல் ஆசை ஒரு வாடிக்கையாளரின் துணிமூட்டையிலிருந்து வந்தது. ஒரு வாரம் கடலில் இருந்துவிட்டு வந்த அம்மாள் கொண்டுவந்து போட்ட துணிகள். அன்று இரவு சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "அந்தப் பாவாடைகூடக் கடலைச் சுத்திப் பாத்துட்டு வந்திருக்குடா. நான் இன்னும் தண்ணித் தொட்டியைத்தான் பாத்துட்டிருக்கேன்."

அதன்பிறகு அவள் பிடித்தது ஒரே பிடி. வருடக்கணக்கில் சேர்த்தாள், விசாரித்தாள், கப்பல் கம்பெனிக்காரனைத் தொலைபேசியில் அழவைத்தாள். டிக்கெட் கையில் வந்த அன்றைக்கு ஒரே ஒரு சண்டைதான் எங்களுக்குள். துறைமுக ஊருக்கு முதல் நாளே போய் ஓர் அறை எடுத்துத் தங்கி, தூங்கி எழுந்து கப்பல் ஏறலாம் என்றேன். ராத்திரிப் பேருந்தில் போனால் அறை வாடகை மிச்சம் என்றாள்.

"தூக்கம் கெடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா."

"பேருந்துல தூங்கினா அது தூக்கம் இல்லையா?"

"ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுறே."

"ஆனையையே பேரம் பேசித்தான்டா வாங்கியிருக்கேன்."

பேருந்தில் அவள் கண் மூடவே இல்லை. ஆசையில் தூக்கம் வரவில்லை. காலையில் பேருந்து நிலையத்திலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், நான் பார்த்தேன். அதுவரை மாத்திரை டப்பா கைப்பையில்தான் இருந்தது.

துறைமுகக் கொட்டகையில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு சீட்டுக் கட்டி அனுப்பினார்கள். நாங்கள் ஏறிய பிறகு அதுவே அறை வாசலுக்கு வந்துவிடும் என்றார்கள். நான் வரிசையில் இடம் பிடித்து நின்றேன். அக்கா எதிர்க் கடையிலிருந்து பழச்சாறும் தண்ணீரும் வாங்கிவந்தாள். கப்பலில் குடிக்கிற பானத்துக்கெல்லாம் தனிக் காசு, திறக்காத பாட்டில்களைக் கையில் கொண்டுபோனால் விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கைப்பையில் இடம் போதவில்லை. பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்து, கைப்பையில் இருந்த சிலதை அதற்குள் தள்ளிவிட்டு, பாட்டில்களை இறுக்கி அடுக்கினாள். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வரிசையிலிருந்து நான் பார்த்தது, பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றி அவள் பூட்டியதை மட்டும்.

எங்கள் அறை நீண்ட நடைகூடத்தின் கோடியில் இருந்தது. இரண்டு ஒடுங்கிய கட்டில், நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். எதிர்ச்சுவரில் ஒரு திரை தொங்கியது. அக்கா ஆசையாக அதை விலக்கினாள். பின்னாலும் சுவர்தான்.

"பரவாயில்லடா, சுவரை மறைச்சு வெச்சிருக்காங்க. மரியாதை தெரிஞ்சவங்க."

கட்டில் தலைமாட்டில் இருந்த தொலைபேசியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நான் கையை நீட்டினேன். "தொடாதே," என்றாள். "கப்பல் போன் நிமிஷத்துக்குக் காசு. எடுத்தாலே கணக்கு ஓடும்." அது கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டாள்.

அறை சுத்தம் செய்யும் பெண் தள்ளுவண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அக்கா கட்டிலின் மூலையில் விரிப்பு மடிக்கப்பட்டிருந்த விதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ மடிச்சதா தங்கச்சி? நல்லாருக்கு," என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேலே போய்ச் சாப்பிட்டோம். கப்பல் கரையை விட்டு விலகியதை மேல்தளத்தில் நின்று பார்த்தோம். அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவ்வளவு நேரம் நின்றதை நான் முன்னே பார்த்ததில்லை. வெயில் இறங்கத் தொடங்கியதும் கீழே வந்தோம். நடைகூடத்தில் ஒவ்வொரு கதவு வாசலிலும் பெட்டிகள் வந்து நின்றன. எங்கள் வாசலில் என் பெட்டி மட்டும் நின்றது.

"உன்னோடது பின்னாடி வருது போல."

"ம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் பெட்டியை இழுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. நான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"கையை எடுடா. கப்பலுக்குள்ள உக்காந்துக்கிட்டு கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வெச்சா, பாக்கிறவங்க மிதவைச் சட்டையைத் தேடுவாங்க."

ஆனால் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது உறைத்தது.

"மாத்திரை எங்கேக்கா?"

கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கைப்பையில தானே இருந்துச்சு?"

"இடம் பத்தலைடா. ஏறினதும் பெட்டி வாசலுக்கு வந்துடும்னாங்களே."

மாலை வேளைக்கான நேரம் ஏற்கெனவே தாண்டிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க விழித்தவள். "நான் போய்க் கேட்கிறேன்," என்று எழுந்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வேணாம். கேட்டா வம்பு."

"என்ன வம்பு? பெட்டி வரலைன்னு கேட்கிறதுல என்ன வம்பு?"

"உள்ளே ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு டிக்கெட்டோடு வந்த தாளில் படித்தது ஞாபகம் வந்தது. கத்தி, மெழுகுவர்த்தி, தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி. நெருப்புப் பயத்தால் இவை எதையும் கப்பலுக்குள் விடமாட்டார்கள்.

"உனக்கே நான் படிச்சுக் காட்டினேனேக்கா!"

"காட்டினே. ஒரு சட்டை தேய்க்க இவங்க கேக்கிற காசு தெரியுமா? நம்ம கடையில பத்து சட்டை தேய்ப்பேன். நாளைக்கு எல்லாரும் நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு விருந்துக்கு வருவாங்க. நான் கசங்கின புடவையோட போகவா? இல்ல, இன்னொருத்தன்கிட்ட காசு குடுத்துத் தேய்ச்சுக்கவா? கடைக்கே அவமானம்டா."

"அப்போ பெட்டியைப் பிடிச்சு வெச்சிருக்காங்க."

"அதான் சொல்றேன். போய் நின்னா, நம்மளையும் சேத்து இறக்கிவிட்டுட்டா?"

"இறக்கிவிட இப்ப என்ன கரையா இருக்கு? சரி, டாக்டர்கிட்டயாவது போவோம். கப்பல்ல டாக்டர் இருக்காங்க. அதே மாத்திரை வெச்சிருப்பாங்க."

"டாக்டரைப் பாத்தாலே டிக்கெட்டுல பாதி பிடுங்குவாங்க. அதுவும் போய் என்ன சொல்றது? அதுன்னு சொல்லணும்ல? எழுதி வெச்சுக்குவாங்க. ஒரு வாரமும் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. ஒரு வேளைதானேடா. காலையில பாத்துக்கலாம். தூங்கிட்டா சரியாப்போயிடும்."

படுத்துக்கொண்டாள். நான் விளக்கை அணைக்கவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மூடிய இமைக்குள் கண் அசைந்துகொண்டே இருந்தது. கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"டேய் கமா."

"சொல்லுக்கா."

"யாராவது துணியைத் தீய விட்டுட்டாங்களா? வாசனை வருது பாரு."

எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நான் பார்த்த பயம் உயிர்ப்பயம் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற பயம்.

"கதவைச் சாத்து. யாரையும் உள்ளே விடாதே."

துண்டை இழுத்து எறிந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. காதில் ஒரு குரல், எங்களுக்கு ஒரு செய்தி காத்திருக்கிறது என்றது. உங்கள் பெட்டியில் அனுமதியில்லாத பொருள் இருக்கிறது, கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும் என்று மத்தியானத்திலிருந்து அது எங்களை அழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலுக்கு நடுவே தரையில் தலையணைகளைப் போட்டு அவளைக் கீழே படுக்கவைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், கொண்டை ஊசிகளை எடுத்தேன். எங்கள் வீட்டில் பழக்கப்பட்ட வேலைதான், கை மறக்கவில்லை. நான் இருந்தால் மாத்திரை வராது. நான் போனால் அவள் தனியாக இருப்பாள். வாசனை வந்து அது வராமல் போன நாட்களும் உண்டு, நீண்ட நேரம் கழித்து வந்த நாட்களும் உண்டு. கதவைத் திறந்தேன். இரண்டு அறை தள்ளி அந்தப் பெண் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குத் தலை சுத்துது. நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் பக்கத்துல இரும்மா."

"வேணாம்டா!" உள்ளிருந்து அக்காவின் குரல். "டேய், வேணாம்னு சொல்றேன்ல!"

அவள் சொல்லை நான் மீறியது அபூர்வம். ஓடினேன்.

பாதுகாப்பு அறை முன்னால் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் தன் வெந்நீர்ப் பாத்திரத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார். "வெந்நீர் வெச்சுக் குடிச்சா உங்க கப்பல் எரிஞ்சுடுமா?" அதிகாரி அவசரமே இல்லாதவர். பொருளை எடுத்து, படம் பிடித்து, ரசீது எழுதி, கையெழுத்து வாங்கி, நன்றி சொல்லி, அடுத்தவரை அழைத்தார். நான் வரிசையை விட்டு மேசைக்குப் போனேன்.

"மருந்து. பெட்டிக்குள்ள மருந்து இருக்கு. இப்பவே வேணும்."

"எல்லாருக்கும் அவசரம்தான் சார்," என்றார் வெந்நீர்க்காரர்.

"உங்க வெந்நீர் ஆறாது, கொஞ்சம் இருங்க!"

என் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. அதிகாரி என் அறைச் சாவி அட்டையை வாங்கிப் பார்த்தார். பெட்டியில் வேறு பெயர் இருக்கிறதே என்றார். என் அக்கா, ஒரே அறை என்றேன். அவர்தான் வர வேண்டும் என்றார். வர முடிந்தால் நான் ஏன் வருகிறேன் என்றேன். என்ன நோய் என்று கேட்டார்.

வரிசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அவங்களுக்கு... ஒரு மாத்திரை," என்றேன். அந்த நேரத்திலும் சொல் வரவில்லை.

அறை எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார். இஸ்திரிப் பெட்டி, அக்காவின் பட்டுப் புடவைக்குள் பிள்ளையைச் சுற்றினாற்போலச் சுற்றியிருந்தது. அவர் அதை வெளியே எடுத்துப் படம் பிடிப்பதற்குள் நான் ஓரத்தில் கைவிட்டு வட்ட டப்பாவை எடுத்துக்கொண்டேன். "ரசீது, சார்!" என்று பின்னால் கூப்பிட்டார்.

மின்தூக்கிக்குள் இரவுச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் நிரம்பியிருந்தார்கள். படியில் ஏறினேன். எங்கள் தளம் வந்து நடைகூடத்தில் கோடிவரை ஓடி, கதவில் அட்டையைத் தேய்த்தேன். திறக்கவில்லை. மறுபடி தேய்த்தேன். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "யாரது?" என்றது. கப்பலின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி நடைகூடம், ஒரே மாதிரி கம்பளம், ஒரே மாதிரி விளக்கு. நான் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சரியான கதவுக்கு வந்தபோது அது திறந்து கிடந்தது. அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு அக்காவை ஒருக்களித்துப் பிடித்திருந்தாள். அது வந்து முடிந்திருந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. "பயந்துட்டேன் சார். டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே நாற்காலியோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

நடைகூடத்தில் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். உடுத்தி மணம் பூசி இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பியவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். அக்காவின் தலை தொங்கியது, புடவை கலைந்திருந்தது. நான் பக்கத்தில் நடந்துகொண்டே முந்தானையை இழுத்து இழுத்து விட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவ அறையில் இருந்த டாக்டரம்மா நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். அக்காவுக்கு மெல்ல நினைவு திரும்பியது. பேர் கேட்டார், சொன்னாள். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார், "கப்பல்ல," என்றாள். பிறகு கேட்டார்:

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"இல்லை," என்றாள் அக்கா.

யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமும் பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிய பதில் அது.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லை."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படின்னா உங்களை நான் இங்கே வெச்சுக்க முடியாதும்மா. இந்த வயசுல முதல் தடவையா வலிப்பு வந்தா, தலைக்குள்ள என்னன்னு படம் எடுத்துப் பாக்கணும். இங்கே அந்த மெஷின் இல்ல. நாளைக் காலையில கரை வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். உங்க பயணம் அதோட முடிஞ்சது. வருத்தமாத்தான் இருக்கு, ஆனா வேற வழி இல்ல."

டப்பா என் சட்டைப் பைக்குள் இருந்தது. கை அதன்மேல் போய்விட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பேசாதே என்று அர்த்தம். நான் பேசாமல் இருந்தால், எத்தனையோ வருடம் காசு சேர்த்துப் பார்க்க வந்த கடலை ஒரு பொழுது பார்த்ததோடு அவள் இறங்கிப் போக வேண்டும். பேசினால், அவள் வாழ்நாள் முழுக்க மூடிவைத்ததை நான் திறந்தவனாவேன். அவளுடையது. திறப்பதும் மூடுவதும் அவள்தான் செய்ய வேண்டும். டாக்டரம்மா யாருக்கோ பேசத் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

"காலையில எத்தனை மணிக்குக் கரை?" என்று அதில் கேட்டார். "ஒரு நோயாளியை இறக்கணும்."

நோயாளி என்ற சொல்லில் அக்காவின் முகம் மாறியது. படுக்கையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். புடவை மடிப்பை விரலால் ஒரு தடவை நீவிவிட்டாள்.

"டேய், அதை எடு."

டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை டாக்டரம்மாவின் மேசையில் வைத்தாள்.

"போனை வெச்சுடுங்கம்மா. எனக்கு வலிப்பு நோய். சின்ன வயசுல இருந்து. இதுதான் மாத்திரை. சாயங்காலம் போடலை, ராத்திரி தூங்கலை, அதான் வந்துச்சு. பல வருஷம் கழிச்சு இப்பதான்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அறையில் ஒரு செவிலி இருந்தாள், நாற்காலி தள்ளிவந்த இருவர் இருந்தார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் சக்கரத்தில் சிக்கிய நூலை எடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். தொலைபேசியை வைத்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லிப் பழக்கமில்லை."

"மருந்தை யாராவது பெட்டிக்குள்ள போட்டு அனுப்புவாங்களா?"

"இஸ்திரிப் பெட்டியை அதுக்குத் துணைக்கு அனுப்பினேன். ரெண்டையும் பிடிச்சுக்கிட்டாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதன்பிறகுதான் நான் சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காலைவரை அங்கேயே வைத்துப் பார்ப்பதாகவும், மறுபடி வரவில்லையென்றால் இறக்கிவிட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

மறுபடி வரவில்லை. காலையில் கட்டணத் தாளை நீட்டியபோது அக்கா அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள், கிட்டத்தில் பிடித்துப் படித்தாள். "இதுக்கு ஜன்னல் வெச்ச அறையே எடுத்திருக்கலாம் போலிருக்கே," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை விருந்துக்குப் போக அவள் தயங்குவாள் என்று நினைத்தேன். பாதுகாப்பு அறையிலிருந்து மீட்டுவந்த பெட்டிக்குள் கசங்கிக் கிடந்த பட்டுப் புடவையைக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு நீராவியில் தொங்கவிட்டு, கையாலேயே நீவி நீவிச் சரிசெய்து கட்டிக்கொண்டாள். எங்கள் மேசையில் வேறு இரண்டு தம்பதிகள் இருந்தார்கள், முன்பின் தெரியாதவர்கள். சூப்பு வந்தது. அவர்களில் ஓர் அம்மாள், "நேத்து நாற்காலியில உங்களைத்தானே கொண்டுபோனாங்க? இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"வலிப்பு," என்றாள் அக்கா. "எப்பவாவது வரும். இங்கே வந்தா பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்கவெச்சா போதும், தானா நின்னுடும்."

"சரி," என்றார் அந்த அம்மாள். "என் தம்பி பையனுக்கும் இருக்கு." ரொட்டித் தட்டை அக்கா பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். அம்மா அவ்வளவு காலம் பயந்தது இதற்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளின் கணவர் பேச்சுவாக்கில், "நீங்க டிக்கெட்டுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றார். அக்கா சொன்னாள்.

அப்போதுதான் மேசையில் எல்லார் முகமும் மாறியது. இரண்டு தம்பதிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதெப்படி?" என்றார், ஏதோ நாங்கள் அவர் பணத்தைத் திருடிவிட்ட மாதிரி.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முதல்ல, பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் கழிச்சுக் கிளம்புற கப்பலைப் பாருங்க," என்று ஆரம்பித்தாள். அவளுடைய சூப்பு ஆறிப்போனது. நான் அதை நினைவுபடுத்தவில்லை.